மூன்று செயலிக்கு 12 வினாடி, நான்குக்கு 15

வேலை செய்யும் ஆளோ கணினிச் செயலியோ கூடினால் வேலை தாமதமாகவும் கூடும் என்பதைப் பெல் ஆய்வகத்தில் இருந்த கணிதவியலாளர் ரொனால்ட் கிரகாம் 1966, 1969 கட்டுரைகளில் நிறுவியிருக்கிறார். அவர் பெயரோடு வழங்கிவரும் ஒன்பது பணிக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தும் மனம் ஒப்பாததால், நான்கு கோர் (ஒவ்வொன்றும் தனிச் செயலிபோல இயங்கும் பகுதி) உள்ள ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில் அதை ஓட்டிப் பார்த்தேன்.

பணிகளுக்கு வரிசைப்படி 3, 2, 2, 2, 4, 4, 4, 4, 9 வினாடிகள் தேவை. முதல் பணி முடிந்த பிறகே ஒன்பதாவதைத் தொடங்கலாம். ஐந்து முதல் எட்டு வரையிலான பணிகள் நான்காவதற்காகக் காத்திருக்க வேண்டும். ஓய்ந்த செயலி, பட்டியலில் மேலிருந்து தேடி, தொடங்கத் தயாராக உள்ள முதல் பணியை எடுத்து, முடிக்கும்வரை விடாது.

முதல் முயற்சி வீண். ஒவ்வொரு பணியையும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுழலும் நிரலாக எழுதியிருந்தேன். விசிறி இல்லாத பலகை சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டதால், நான்கு வினாடிப் பணி நான்கு வினாடியில் முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நிற்கும்படி மாற்றிய பிறகே அளவுகள் சீராயின.

மூன்று கோர்களில் 12 வினாடி, நான்கில் 15. காரணம் இதுதான்: மூன்று கோர்கள் இருக்கையில் நான்காவது பணி தாமதமாகவே தொடங்குவதால், 3ஆம் வினாடியில் தயாராக இருப்பது ஒன்பதாவது மட்டுமே, அது உடனே ஓடத் தொடங்கி 12இல் முடிகிறது. நான்காவது கோர் வந்ததும் நான்காவது பணி 2ஆம் வினாடியிலேயே முடிந்து, அதற்காகக் காத்திருந்த நான்கு பணிகளும் எல்லாக் கோர்களையும் பிடித்துக்கொள்ள, மிக நீண்ட பணி 6ஆம் வினாடிவரை வாசலில் நிற்கிறது.

ஒன்பதாவதைப் பட்டியலின் தலைக்கு ஏற்றியபோது நான்கு கோர்களிலும் 12 வந்தது. முதல் பணிக்கு 3, ஒன்பதாவதற்கு 9 என்பதால், எத்தனை கோர் சேர்த்தாலும் அதற்குக் கீழே இறங்காது.

பழைய பட்டியலையே வைத்து, ஒவ்வொரு பணியிலும் ஒரு வினாடி குறைத்து மூன்று கோர்களில் ஓட்டினேன்: 13. நேரத்தைப் பழையபடி வைத்து, ஐந்தாவது, ஆறாவது பணிகள் காத்திருக்க வேண்டியதில்லை என்று தளர்த்தினேன்: 16.