எடையும் ஏறியது, அடிப்போனெக்டினும் ஏறியது

கோவையில் ஒரு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவை ஒட்டிய ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைத் தொடங்கும் முன் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்து, கொழுப்பு சுரக்கும் ஹார்மோன்களை அளப்போம். கொழுப்பு வெறும் சேமிப்பு அல்ல, அதுவும் ஹார்மோன் சுரக்கும் என்பது 1994-இல் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. அடுத்த வருடமே, இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் இன்னொரு கொழுப்பு ஹார்மோனான அடிப்போனெக்டின் வந்தது.

உடம்பில் கொழுப்பு கூடினால் லெப்டின் கூடும், அடிப்போனெக்டின் குறையும். அளவிலும் இரண்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. லெப்டின் நானோகிராம் கணக்கு, அடிப்போனெக்டின் மைக்ரோகிராம் கணக்கு. அதனால் அடிப்போனெக்டினை அளக்கச் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, நன்றாக நீர்க்கச் செய்யவேண்டும். சோதனைத் தட்டின் குழிகளில் ஹார்மோன் எவ்வளவோ அவ்வளவு நிறம் ஏறும்; நீர்க்காவிட்டால் கடைசியில் அமிலம் விட்டு நீலம் மஞ்சளானதும் எல்லாக் குழியும் ஒரே அடர் மஞ்சள். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

மெட்ஃபார்மின் என்ற வேறு சர்க்கரை மாத்திரையை மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும், எடை ஏறாது, அடிப்போனெக்டின் பெரிதாக அசையாது. பயோகிளிட்டசோனில் கதையே வேறு. அடிப்போனெக்டின் பலருக்கு இரு மடங்காகும், எடையும் ஏறும்! இந்த மாத்திரை கொழுப்பு செல்லுக்குள்ளேயே வேலை செய்கிறது. தோலுக்கடியில் புதிதாகச் சின்னச் சின்னக் கொழுப்பு செல்கள் உருவாகின்றன. கல்லீரலில் தேங்கிய கொழுப்பு குறைகிறது. இன்சுலின் சொல்வதை உடம்பு மறுபடி கேட்கிறது. எடைத் தட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது.

ஆனால் இந்த மருந்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடாது. எலும்பு முறிவு அபாயமும் உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பயத்தில் 2013 ஜூனில் இந்தியா இதைத் தடை செய்து, ஜூலை இறுதியில் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது.

ரத்தம் கொடுக்க வந்த ஒரு அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, சக்கரை இறங்குது, எடை மட்டும் ஏறுதே?"

"கொழுப்பு இடம் மாறுதுங்கம்மா. உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருக்கு."

"அதெல்லாஞ் சரி, பாவாடை நாடா பத்தமாட்டேங்குதே!"

கணுக்காலை அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்தது. டாக்டரிடம் சொன்னதும் 30 மில்லிகிராமை 15 ஆக்கினார். அடுத்த முறை வீக்கம் வடிந்து, எடையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏறியதில் ஒரு பங்கு கொழுப்பே இல்லை, தேங்கிய நீர்.