வேலையில்லாத நேரத்தில் விழித்துக்கொள்ளும் சர்வர்

ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகம் ஒன்றின் கணக்குகளை வைத்திருக்கும் சிறிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வர், மழைக்காலத்தில் மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியில்தான் ஓடுகிறது. இரவு முழுவதும் ஒருவரும் தொடாத அந்த இயந்திரத்தில் மின்செலவைக் கண்காணிக்கும் 'பவர்டாப்' கருவியை ஓட்டிப் பார்த்தால், சும்மா இருக்கும் செயல்முறைகள் எத்தனை முறை பிராசஸரை எழுப்புகின்றன என்பது தெரியும்.

போஸ்ட்கிரெஸில், மாறிய தரவை நினைவகத்திலிருந்து வட்டுக்கு எழுதும் பின்னணி எழுத்தரும் (background writer), மாற்றங்களின் பதிவேட்டை வட்டில் எழுதும் வால் எழுத்தரும் (WAL writer) இயல்பாக 200 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 5 முறை, எழுந்து பார்ப்பவை. ஒவ்வொரு விழிப்பும் சிறியதே என்றாலும், பிராசஸர் ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போவதை அது தடுத்துவிடுகிறது. இதற்கு 2012இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பு நல்ல தீர்வைத் தந்தது: வேலை இல்லையெனில் பின்னணி எழுத்தர் சுமார் 10 வினாடி உறங்கும், வேறொரு செயல்முறை புதிய பஃபர் (தரவை வைக்கும் நினைவக இடம்) கேட்டால் அந்தச் செயல்முறையே 'லாட்ச்' என்ற எழுப்பும் சைகை வழியாக அதைத் தட்டி எழுப்பும். வீட்டுக்காரர் நொடிக்கொருமுறை கதவைத் திறந்து பார்ப்பதற்குப் பதிலாக அழைப்பு மணி வைத்தது போன்ற மாற்றம் இது.

முதன்மை சர்வரின் நகலாகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை சர்வரில் மட்டும் ஒரு பழைய வழக்கம் நெடுநாள் நீடித்தது. முதன்மையாக மாறச் சொல்லும் கோப்பு வந்துவிட்டதா என்று 5 வினாடிக்கு ஒருமுறை தேடிக்கொண்டிருந்த அந்த வசதியை 2023இல் வெளியான 16ஆம் பதிப்பில் நீக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால், முன்பே செய்திருக்கலாம். இப்போது அந்த வேலைக்கு 'பிஜி_புரமோட்' என்ற ஃபங்ஷனை அழைத்தால் போதும்.

பழைய பதிப்பில் இருப்பவர்கள் எழுத்தர்கள் விழிக்கும் இடைவெளி அமைப்புகளை மனம்போனபடி கூட்டுவதைவிட, பதிப்பை உயர்த்துவதே நல்லது. ஏனெனில் அந்த இடைவெளியைக் கூட்டினால் சர்வர் மும்முரமாக இருக்கும்போதும் எழுத்து தாமதமாகும்.