சாம்பிள் எடுத்தாச்சு, அடுத்து என்ன? மதுரையில் உணவுப் பாதுகாப்பு அபராதம் நடக்கும் விதம்

கீழமாசி வீதி மளிகைக் கடையில் அதிகாரி ஒரு அப்பள பாக்கெட்டை சாம்பிள் எடுத்தால், வழக்கு கடைக்காரரோடு நிற்காது. சிந்தாமணியிலோ வில்லாபுரத்திலோ அதைத் தயாரித்து பாக்கெட் போட்டவர் வரை போகும். பலரும் அபராதத்தை முடிவு செய்யும் டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) விசாரணைத் தேதி வந்த பிறகுதான் முழித்துக்கொள்கிறார்கள். அதற்குள் முக்கால்வாசி விஷயம் முடிந்திருக்கும். ஃபைல் கைக்கு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது, ஆய்வு அறிக்கை எந்தத் தேதியில் வந்தது என்பதைத்தான்.

சாம்பிளை நான்கு பாகமாகப் பிரித்து சீல் வைப்பார்கள். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம் (மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு அதிகாரி). நான்காவது பாகம் பலருக்குத் தெரியாத ஒன்று. நீங்கள் கேட்டால் அதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும், செலவு உங்களுடையது. இரண்டு அறிக்கையும் முரண்பட்டால் மேல்நிலை ஆய்வகம் சொல்வதே முடிவு. ஆனால் இதை அந்த இடத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் சொன்னது ஃபைலில் இருக்காது. சாம்பிளுக்கு அதிகாரி விலை கொடுப்பார். "வேண்டாம் சார்" என்று மரியாதைக்கு மறுக்காமல் வாங்கிக்கொண்டு பில் போடுங்கள். அந்த பில்லில் பேட்ச் நம்பரும் இருக்கட்டும்.

பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அது உங்களுக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த 30 நாளைத் தவறவிட்டால், பிறகு டி.ஆர்.ஓ. முன்னால் "ரிப்போர்ட்டே தப்பு" என்று வாதாடுவது வீண். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் உள்ள முத்திரைதான் கைக்கு வந்த தேதிக்குச் சாட்சி.

அறிக்கை எந்த வகையில் வருகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும். 'பாதுகாப்பற்றது' என்றால் கிரிமினல் கோர்ட். அதற்கு வக்கீலைப் பாருங்கள். 'தரம் குறைந்தது' என்றால் 5 லட்சம் வரை, 'தப்புக்குறியீடு' (லேபிளில் தவறு) என்றால் 3 லட்சம் வரை அபராதம். இவை இரண்டும் டி.ஆர்.ஓ.விடம் போகும்.

அப்பளத்தில் மாட்டுவது பெரும்பாலும் லேபிள். பாலிதீன் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய தேதி, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் நீலக் கறையாகிவிடும். தேதி இல்லாத பாக்கெட் என்றுதான் அது பதிவாகும். உள்ளே போடும் சீட்டு திரும்பிக்கொண்டாலும் இதே கதிதான். இன்னொன்று, பாக்கெட்டில் போட வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) எண். சிறு வியாபாரிகளுக்கான பதிவுச் சான்று என்றால் 2-இல் தொடங்கும், லைசென்ஸ் என்றால் 1-இல். வியாபாரம் வளர்ந்து லைசென்ஸ் வாங்கியவர்கள், அடித்து வைத்த பழைய கவரைத் தீர்க்கிறேன் என்று 2-இல் தொடங்கும் எண்ணோடே விற்பார்கள். கவர் மிச்சப்படுத்தப் போய் வருகிற செலவு இது.

விசாரணையில் அதிகபட்சத் தொகையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். சட்டமோ தொகையை முடிவு செய்ய அளவுகோல் தருகிறது: இதனால் கிடைத்த லாபம், அடுத்தவருக்கு ஏற்பட்ட நஷ்டம், திரும்பத் திரும்பச் செய்ததா, தெரியாமல் நடந்ததா. உங்கள் எழுத்துப்பூர்வ பதில் இந்த வரிசையிலேயே இருக்கட்டும். திருத்திய லேபிள், புதிய கவர் அச்சடித்த பில், அந்த பேட்ச்சைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்த கணக்கு, மூன்றையும் இணையுங்கள். கண்ணீர்க் கதையை விட அச்சக பில் நன்றாகப் பேசும். கடைக்காரராக இருந்தால், தயாரிப்பாளரிடம் வாங்கிய பில்தான் உங்கள் கேடயம். பில் இல்லாத சரக்கு என்றால் பழி முழுக்க உங்கள் தலையில்.

முதல் விசாரணையிலிருந்து 90 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். அதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள், இதில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரமே கிடையாது.

அபராதம் கட்டாமல் இழுத்தால் நிலவரி பாக்கி போல வசூலிப்பார்கள், கட்டும் வரை லைசென்ஸும் முடக்கத்தில் இருக்கும். கட்டியதும் சலான் நகலை நியமன அலுவலர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு இன்னொரு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள்.