‘அட் சீ’: கடலில் நிற்பதும் கரை தெரியாதிருப்பதும்

ஆங்கிலத்தில் ‘அட் சீ’ என்று இரண்டு சொற்கள் சேர்ந்து வரும்போது அவை கடற்கரையையும் குறிப்பதில்லை, கடல் நீரையும் குறிப்பதில்லை. நீரில் இறங்கிக் குளித்துக்கொண்டிருப்பவரை ‘இன் த சீ’ என்பார்கள். கடலோரத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவரை ‘பை த சீ’ என்பார்கள். கப்பலிலோ படகிலோ ஏறிக் கரையை விட்டுப் போய், இன்னும் திரும்பி வராதவர் மட்டுமே ‘அட் சீ’. இடையில் ‘த’ இல்லாததைக் கவனிக்க வேண்டும். படிக்கப் போன பிள்ளை ‘அட் ஸ்கூல்’. அந்தப் பிள்ளையைக் கூட்டிவரப் போய் வாசலில் காத்து நிற்கிற தாய் ‘அட் த ஸ்கூல்’. ஓர் இடத்துக்குரிய அலுவலாகவே அங்கே இருப்பவருக்கு அந்தச் சிறு சொல் உதிர்ந்துவிடுகிறது. கடலுக்கும் அதே விதிதான்.

திருகோணமலையில் ஆங்கிலம் கற்பிக்கிற எனக்கு இந்த நேர்ப்பொருளை விளக்குவதில் சிரமமே இல்லை. திருக்கடலூர்ப் பக்கத்து வீடொன்றில் தகப்பனைத் தேடிப் போனால், “அவர் கடலில நிக்கிறார், விடியத்தான் வருவார்” என்று பதில் வரும். கொழும்பில் நிற்கிறார், கடையில் நிற்கிறார் என்பது போலவே கடலிலும் நிற்கிறார். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்பதாக அதைக் கேட்கிற எவரும் எண்ணமாட்டார்கள். நம்முடைய பேச்சில் வாழ்கிற இந்த ‘நிற்கிறார்’, எந்த அகராதி விளக்கத்தையும்விட ‘அட் சீ’யின் நேர்ப்பொருளுக்குக் கிட்ட வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டத்திலும் நினைவுக்கல்லிலும் இந்தத் தொடர் இதே நேர்ப்பொருளில்தான் நிற்கிறது. கப்பல்களில் உயிர்காப்புப் படகு முதலானவை எவ்வாறு இருக்க வேண்டும் என்று வகுக்கிற சர்வதேச உடன்படிக்கையின் பெயரிலேயே ‘சேஃப்டி ஒஃப் லைஃப் அட் சீ’ என்று இது இடம்பெறுகிறது. 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914இல் முதன்முதலாக எழுதப்பட்ட அந்த உடன்படிக்கையின், இன்று நடைமுறையில் உள்ள வடிவம் 1974ஆம் ஆண்டினது. இன்னொரு எடுத்துக்காட்டு நமக்கு மிகவும் அண்மையானது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைத் தாக்கிய அதே நாளில், மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டு, அதில் இருந்தோரில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தில் கல்லறை பெற்றவர்களின் நிலை வேறு. கடலோடு போனவர்களுக்கு மண்ணில் இடம் இல்லை, அவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் கடற்படை நினைவுத் தூண்களில்தான் பொறிக்கப்பட்டுள்ளன. ‘லொஸ்ட் அட் சீ’ என்று அத்தகையவர்களைப் பற்றிச் சொல்லும்போது அதில் அணி நயம் எதுவும் இல்லை.

உருவகப் பொருளுக்கு வரும்போதுதான் வகுப்பு தடுமாறுகிறது. ‘ஐ ஆம் ஓல் அட் சீ’ என்றால், ஒன்றும் விளங்கவில்லை, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்று பொருள். இதைச் சொன்னதும், மீன்பிடித் தொழில் செய்கிற வீட்டு மாணவன் ஒருவன் எழுந்து, “கடலுக்குப் போனா அப்பாவுக்கு எல்லாம் தெரியும் ரீச்சர். கரைக்கு வந்து கந்தோருக்குப் போனாத்தான் அவருக்கு ஒண்டும் விளங்காது” என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் துறைமுக நகரின் சுவாமி மலையும் அதன் மேலுள்ள கோயிலும் எந்தப் பக்கம் எவ்வளவு உயரத்தில் தெரிகின்றன என்பதை வைத்தே தான் நிற்கும் இடத்தைச் சொல்லக்கூடியவர்கள், வாடைக் காற்றையும் கச்சான் காற்றையும் முகத்தில் படுகிற விதத்திலேயே பிரித்தறிகிறவர்கள், கடலைத் திகைப்புக்கு உவமையாக்க மாட்டார்கள். அவன் கேள்விக்கு ஒழுங்கான விடை சொல்ல வேண்டியது என் கடமை என்று நான் கருதினேன். அந்த விடை வரலாற்றில்தான் இருக்கிறது.

ஆங்கிலக் கப்பலோட்டிகள் பெருங்கடலைக் கடந்தவர்கள். கரை கண்ணிலிருந்து மறைந்த பின் வாரக்கணக்கில் ஓடியவர்கள். நண்பகற் சூரியனின் உயரத்தை அளந்தோ, துருவ நட்சத்திரத்தைப் பார்த்தோ வடக்குத் தெற்காகத் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவர்களால் கணிக்க முடிந்தது. கிழக்கு மேற்காக எங்கே என்பதைக் கணிக்க, புறப்பட்ட துறைமுகத்தில் அந்தக் கணத்தில் என்ன நேரம் என்பது தெரிய வேண்டும். ஆடுகிற கப்பலில் பிசகாமல் ஓடும் மணிக்கூடு அந்தக் காலத்தில் இல்லை. பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே, மணிக்கூடு 4 நிமிடம் பிந்தினால் கணக்கு ஒரு பாகை தவறும்; திருகோணமலை இருக்கும் அகலக்கோட்டில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110 கிலோமீற்றர். 1707இல், பிரித்தானியக் கடற்படையின் நான்கு கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துச் இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுப் பாறைகளில் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1714இல், நெடுங்கோட்டை, அதாவது கிழக்கு மேற்காக எங்கே என்பதை, கடலில் கண்டறியும் வழிக்கு 20,000 பவுண் வரை பரிசளிக்கச் சட்டமே இயற்றப்பட்டது. அதற்காகக் கப்பல் மணிக்கூடுகளைச் செய்துவந்த ஆங்கிலேயர் ஜோன் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் 1761இல் ஜமேக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் வைத்துச் சோதிக்கப்பட்டது. ‘அட் சீ’ என்பதற்குத் திகைப்பு என்ற பொருள் ஏறியது இத்தகைய கடலோட்ட வாழ்விலிருந்துதான். படகு நன்றாக இருக்கும், ஆட்களும் நன்றாக இருப்பார்கள், காற்றும் சாதகமாக வீசும். தாம் எங்கே என்பது மட்டும் தெரியாது. அந்த நிலையே உருவகத்தின் உயிர்.

இந்த நுட்பம் பிடிபடாததால்தான் நம்முடைய மொழிபெயர்ப்புகளில் ‘அட் சீ’ வருகிற இடமெல்லாம் ‘நடுக்கடலில் தத்தளிக்கிறார்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. தத்தளிப்பவர் ஆபத்தில் இருக்கிறார், கை கொடுக்க ஆளைத் தேடுகிறார்; புதிய கணினி முறையைக் கண்டு விழிக்கிற எழுதுவினைஞருக்கு அந்த அளவு துயரம் இல்லை. தமிழில் கடல் துயரத்துக்கும் பெருக்கத்துக்கும் உரியது. வள்ளுவர் ‘பிறவிப் பெருங்கடல்’ என்றார். அது நீந்திக் கடக்க வேண்டிய கடல். கைவிடப்படுவதற்கு நாம் ஆற்றுக்குப் போகிறோம், ‘நட்டாற்றில் விட்டுவிட்டான்’ என்கிறோம். திகைப்புக்கோ நமக்கு நீரே வேண்டியதில்லை. ‘கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல’ என்று காட்டுக்குள் போய்விடுகிறோம். பல வாக்கியங்களில் ஆங்கிலத்தின் கடலுக்குத் தமிழின் இந்தக் காடே சரியான ஈடு.

ஆனால், கல்வியைப் பற்றிப் பேசும்போது மட்டும் இரு மொழிகளும் ஒரே கடலுக்கு வந்து சேர்கின்றன, அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இலக்கணத்தை முழுதும் கற்றுத் தெளிந்தவரை ‘இலக்கணத்தில் கரைகண்டவர்’ என்கிறோம். ‘அட் சீ இன் கிரமர்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு நேரெதிரான நிலை அதுதான்: ஒருவருக்குக் கரை தெரிகிறது, மற்றவருக்கு இன்னும் தெரியவில்லை. சாதாரண தர வகுப்பில் இப்போது நான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியே தொடங்குகிறேன், பிள்ளைகள் உடனே பற்றிக்கொள்கிறார்கள்.

வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று பிரித்தறிவது கடினமில்லை. முன்னால் ‘ஓல்’, ‘கம்ப்ளீட்லி’ போன்ற சொற்கள் வந்தால் பெரும்பாலும் உருவகம். பின்னால் நாட்கணக்கோ இடப்பெயரோ வந்தால் நேர்ப்பொருள். கப்பலைப் பற்றிச் சொன்னால் அது நேர்ப்பொருளே, கப்பலுக்குத் திகைப்பு ஏது? மாலுமிகளைப் பற்றிய வாக்கியங்களில்தான் நின்று பார்க்க வேண்டும். ‘த கப்டன் வோஸ் அட் சீ’ என்பதோடு வாக்கியம் முடிந்தால் அவர் பயணத்தில் இருக்கிறார் என்றே கொள்ளலாம். ‘வித் த நியூ டெக்ஸ் ஃபோர்ம்’ என்று அது தொடர்ந்தால், அவர் வீட்டு மேசையில் வரிப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, முதற் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருக்கிறார்.