மொரிஸ் மைனருக்கு மில்லிமீற்றர் ஸ்பானர் வேண்டாம்

பழைய மொரிஸ், ஒஸ்டின் கார் வாங்குகிற நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சாமான் எங்கே எடுக்கலாம்?" என்றுதான். சாமான் கிடைக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் இல்லாவிட்டால், எங்கே இருக்கும் என்று அந்தக் கடைக்காரரே சொல்லி அனுப்புவார். நான் திருப்பிக் கேட்பது வேறு: "வீட்டில் என்ன ஸ்பானர் வைத்திருக்கிறீர்கள்?" அநேகமாக ஒரே பதில்தான். ஜப்பான் காருக்கென்று எப்போதோ வாங்கிய மில்லிமீற்றர் செட். தயவுசெய்து அதை மைனரின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. என்னிடம் இருப்பது 1958 மொரிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின். அதில் அடிக்கடி கைக்கு அகப்படுவது 1/4 அங்குல போல்ட்டும் 5/16 அங்குல போல்ட்டும். முதலாவதன் தலை 7/16 அங்குலம், அதாவது 11.11 மி.மீ. அதில் 11 ஸ்பானர் ஏறாது, 12 ஆடும். இரண்டாவதன் தலை அரை அங்குலம், 12.7 மி.மீ. இங்கேதான் 13 ஸ்பானர் ஆளை ஏமாற்றும். போட்டுப் பார்த்தால் சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும். ஆனால் அந்த 0.3 மி.மீ. இடைவெளி போதும். அறுபது வருடத் துரு ஏறிய நட்டை அதைக் கொண்டு பலமாக இழுத்தால் மூலைகள் மழுங்கிவிடும், அப்புறம் சரியான ஸ்பானர் வந்தாலும் பிடிக்காது. விற்பனைக்கு வரும் மைனரைப் பார்க்கப் போனால் நான் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் மனிஃபோல்ட் நட்டுகளைத்தான் குனிந்து பார்ப்பேன். அந்தக் காரை யார் யார் கையில் வைத்திருந்தார்கள் என்று அவையே சொல்லிவிடும்.

சில அளவுகள் தற்செயலாகப் பொருந்துவதும் உண்டு. 3/4 அங்குலத் தலைக்கு 19 மி.மீ. ஸ்பானர் போதும், 5/16 அங்குலத் தலைக்கு 8 மி.மீ. போதும். இந்த இரண்டும் பொருந்துவதைப் பார்த்துத்தான் ஆட்கள் மற்றதும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

சரி, அங்குல செட் ஒன்று வாங்கினால் முடிந்ததா? முடியாது. போல்ட்டில் சுற்றி வெட்டியிருக்கும் புரி இருக்கிறதே, ஆங்கிலேயர்களிடம் அது ஒரே குடும்பமாக இருந்ததே இல்லை. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த புரியின் கோணம் 55 பாகை. 1908இல் அதே கோணத்தில் நெருக்கமான புரியோடு பி.எஸ்.எஃப். வந்தது. சின்னச் சின்ன மின்சார பாகங்களுக்கு பி.ஏ. என்று தனியாக ஒன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க போல்ட் பிரித்தானிய நட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் உட்கார்ந்து 60 பாகைப் பொதுப் புரிக்கு ஒத்துக்கொண்டன. மைனர் வெளிவந்ததும் அதே 1948தான். ஆகவே முதல் மைனர்கள் பழைய முறையில் இருக்கும். என்னுடையதைப் போன்ற பிந்திய கார்களில் எஞ்சினும் பொடியும் பெரும்பாலும் யூ.என்.எஃப். எனப்படும் புதிய முறை. ஆனால் லூக்காஸ் மின்சார பாகங்களிலும் எஸ்.யூ. கார்புரேட்டரிலும் பழைய புரிகள் அப்படியே தங்கிவிட்டன. எம்.ஜி. டி.டி. கார் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் விசேஷம்: அந்த எஞ்சினில் புரி மெட்ரிக், தலை விட்வொர்த்!

கடையில் குழப்பம் வருவது எழுத்தில்தான். யூ.என்.எஃப். தலைகளுக்கான அங்குல ஸ்பானர்தான் ஏ.எஃப். அதில் 1/2 என்று இருந்தால் அது நட்டின் தட்டையான இரு பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலம். விட்வொர்த் ஸ்பானரில் 1/4 என்று இருந்தால் அது போல்ட்டின் தடிமன். ஸ்பானரின் வாய் 13.34 மி.மீ. இருக்கும். பழைய சோனகத் தெருவில் விட்வொர்த் கால் அங்குலம் கேட்டால், "இஞ்ச் தானே கேட்டீங்க, இந்தாங்க" என்று ஏ.எஃப். கால் அங்குலத்தைக் கையில் வைப்பார்கள். அது 6.35 மி.மீ. தான். நட்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

என்னிடமுள்ள விட்வொர்த் ஸ்பானர்கள் கடையில் வாங்கியவை அல்ல. மாமா ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் பிட்டராக, அதாவது இயந்திரங்களைப் பூட்டித் திருத்துபவராக, இருந்தவர். அந்த இயந்திரங்கள் எல்லாம் பிரித்தானியாவிலிருந்து வந்தவை என்பதால் அவருடைய கன்வஸ் சுருளில் ஒரு மில்லிமீற்றர் ஸ்பானர்கூடக் கிடையாது. "ஸ்பானரைத் தள்ளாத மருமகனே, இழு. தள்ளுனா வழுக்கும்போது முட்டிதான் போகும்" என்பார். மலைநாட்டில் ஓய்வுபெற்ற பிட்டர் யாரையாவது தெரிந்தால் ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள். பளபளப்பான புது செட்டைவிட அந்த உருக்கு எவ்வளவோ மேல்.

புதிதாக வாங்குவதானால் பெரிய பெட்டி வேண்டாம். ஏ.எஃப். ரிங் ஸ்பானர் 3/8 முதல் 3/4 வரை, அதே அளவுகளில் சொக்கட். சொக்கட் கட்டாயம் ஆறு பக்கமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு பக்க சொக்கட் மூலையை மட்டுமே பிடிக்கும். ஏற்கெனவே தேய்ந்த நட்டுக்கு அது யமன். 2 பி.ஏ. ஸ்பானர் ஒன்றும் தேவை. அதன் வாய் 8.23 மி.மீ.; 8 ஏறாது, வேறு எதுவும் பிடிக்காது. அட்ஜஸ்டபிள் ஸ்பானர் தண்ணீர்க் குழாய்க்கு நல்லது.

நீளமான தட்டை ஸ்குரூ டிரைவர் ஒன்று பிரேக்குக்கென்றே வேண்டும். ஹப் கப்பைக் கழற்றி, சக்கரத்தைச் சுழற்றி ஓட்டையை நேருக்குக் கொண்டுவந்து, அதன் வழியாகத்தான் அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். மினி என்றால் கதை வேறு. அங்கே சதுரத் தலை, அதற்கு 1/4 அங்குலச் சதுர ஸ்பானர். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜில் எனக்கு வேண்டியது மூன்று அளவுதான்: வால்வுக்கு 0.012 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்டுக்கு 0.015, பிளக்குக்கு 0.025. மில்லிமீற்றர் கேஜ் இருந்தால் அதையும் பாவிக்கலாம். இங்கே மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை.

மல்டிமீற்றர் மலிவானதே போதும். அதைப் பிடிக்கும் முன் பற்றரியைப் பாருங்கள்: இந்தக் கார்களில் பொசிட்டிவ் முனைதான் பொடியில் பூட்டியிருக்கும். கறுப்பு வயரைப் பொடியில் வைத்துவிட்டு மீற்றர் மைனஸ் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அதே பழக்கத்தில் புது ரேடியோவையோ போன் சார்ஜரையோ பூட்டினால் புகை வரும்.

பெட்டியில் உள்ளவற்றில் எதற்கு அதிகம் செலவழிக்க வேண்டும் என்று கேட்டால் நான் கிரீஸ் கன்னைச் சொல்வேன். மைனரின் முன் சக்கரங்கள் திரும்புவது மேலும் கீழும் உள்ள ட்ரன்னியன் என்ற புரி போட்ட மூட்டுகளில். அங்கே கிரீஸ் வற்றிப் புரி தேய்ந்தால் ஒருநாள் கீழ்ப்பக்கம் கழன்று, சக்கரம் மடிந்து, கார் மூலையில் உட்கார்ந்துவிடும். காலி வீதி நெரிசலில் மெதுவாகத் திரும்பும்போதும் அது நடக்கலாம். கிரீஸ் ஏற்றும் நிப்பிளை இறுக்கிப் பிடிக்கும் வாயுள்ள கன்னாகப் பாருங்கள். மலிவானவற்றில் கிரீஸ் உள்ளே போகாமல் பக்கவாட்டில் பிதுங்கும், அடித்தவர் அடித்துவிட்டேன் என்று எழும்பிவிடுவார். காரை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தில் பாரம் இல்லாதபோது அடித்தால்தான் பழைய கிரீஸ் வெளியே வந்து புதியது உள்ளே போகும். ட்ரையம்ப் ஹெரால்ட் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அதன் கீழ் ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அல்ல, 90 கியர் ஒயில்.

தூக்கிய காரைச் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மைனரின் ஜாக் பூட்டும் இடம் துருப்பிடித்திருக்கலாம், கொழும்புக் காற்றில் அது சாதாரணம். வெள்ளவத்தையில் கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் நான் இருக்கிறேன், ஸ்பானரின் குரோமே உரிகிறது. ஒயில் நனைத்த துணியில் சுற்றி வைத்தால் தாங்குகிறது. டோர்க் ரென்ச், கழற்றிய எஞ்சின் ஹெட்டைத் திரும்பப் பூட்டி இறுக்கும்போது மட்டும்தான் தேவைப்படும். அதை என்னிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம், 40 பவுண்ட்-அடிக்கு வைத்தே தருகிறேன். 7/16 ரிங் ஸ்பானரை மட்டும் கேட்காதீர்கள்.