எம்டனுக்குக் கரி சுமந்த கப்பல்

செப்டம்பர் 14

முதல் உலகப் போரில் இந்தியப் பெருங்கடலைக் கலக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் மனசு அதன் பின்னால் வந்த கப்பலிடம்தான் போகிறது. மார்க்கோமேனியா. ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனியின் சரக்குக் கப்பல். 1914 ஆகஸ்ட் 14 அன்று பசிபிக்கில், பாகன் தீவை விட்டுக் கிளம்பிய ஜெர்மன் கப்பற்படையிலிருந்து எம்டன் பிரிந்தபோது கூட வந்தது இது ஒன்றுதான்.

அந்தப் படையின் தலைவர் அட்மிரல் ஷ்பேயின் கணக்கு கரிக் கணக்கு. மொத்தப் படையோடு இந்தியப் பெருங்கடலுக்கு வந்தால் அத்தனை கப்பலுக்கும் கரி கிடைக்காது. ஆப்பிரிக்கக் கரையை விட்டால் இந்தப் பக்கம் ஜெர்மனிக்கு ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. ஒரே ஒரு சிறிய குரூசர் (வேகமான போர்க்கப்பல்) என்றால், பிடிக்கும் கப்பல்களின் கரியிலேயே காலம் தள்ளலாம். அதுவரை மார்க்கோமேனியாதான் கதி.

செப்டம்பர் 15

எம்டனில் 12 கொதிகலன்கள். அவற்றுக்குத் தீனி போட, இரண்டு கப்பல்களையும் பக்கவாட்டில் அணைத்துக் கட்ட வேண்டும். கடல் கொஞ்சம் புரண்டாலும் இரண்டும் மோதிக்கொள்ளும். மூட்டை மூட்டையாகக் கரி ஏற்றி, கிடங்கு நிறைந்ததும் மேல்தளத்திலும் குவிப்பார்கள். வெயில், வேர்வை, கரித்தூசி. சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே தீவின் மறைவில், செப்டம்பர் தொடக்கத்தில், இப்படித்தான் ஏற்றினார்கள். குண்டு வீசிய நேரத்தைவிடக் கரி ஏற்றிய நேரம் பல மடங்கு இருக்கும். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

செப்டம்பர் 10 அன்று வங்காள விரிகுடாவில் பொன்டோபொரோஸ் என்ற கிரேக்கக் கப்பல் சிக்கியது. அதில் சுமார் 6,500 டன் இந்தியக் கரி. ஆனால் புகை அதிகம், சூடு குறைவு. ஒளிந்து திரிகிற கப்பலுக்குப் புகைதான் எமன்.

செப்டம்பர் 22

எம்டன் வீசிய குண்டுகளில் சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த இரவு. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டனுக்குக் கல்வெட்டு இருக்கிறது. மார்க்கோமேனியா கரைப்பக்கமே வரவில்லை. அதைக் கடலில் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் எம்டன் உள்ளே வந்தது. சரியான முடிவு. கரிக்கப்பல் போனால் எம்டனும் போச்சு.

செப்டம்பர் 27

1914-இல் இதே நாள் மினிக்காய் பக்கம் பியூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பல் பிடிபட்டது. 6,600 டன் வேல்ஸ் கரி! புகை குறைவு, சூடு அதிகம். இதைவிட நல்ல வேட்டை எம்டனுக்கு வேறெதுவும் இல்லை என்பேன். அடுத்த சில நாளில் மாலத்தீவுப் பக்கம் மிச்சமிருந்த கரியையும் கொடுத்துவிட்டு, பொன்டோபொரோஸைத் தேடி மார்க்கோமேனியா சுமத்ரா பக்கம் கிளம்பியது.

அக்டோபர் 12

பொன்டோபொரோஸிலிருந்து கரி ஏற்றிக்கொண்டிருந்த இடத்திலேயே பிரிட்டிஷ் குரூசர் யார்மத் வந்து பிடித்துவிட்டது. மார்க்கோமேனியா மூழ்கடிக்கப்பட்டது, பொன்டோபொரோஸ் மீட்கப்பட்டது. எம்டன் பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு வேஷம் போட்டதும் இதே யார்மத் மாதிரித் தெரியத்தான். படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

நவம்பர் 9

இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகள். கரி ஏற்ற பியூரெஸ்கை வரச்சொல்லிக் கம்பியில்லாத் தந்தி அனுப்பிவிட்டு எம்டன் காத்திருந்தது. தொலைவில் புகை தெரிந்ததும் பியூரெஸ்க் என்றே நினைத்தார்கள். வந்தது சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். சண்டையில் எம்டன் பாறைத்திட்டில் ஏறி நின்றது. அப்புறம்தான் பியூரெஸ்க் வந்தது. சிட்னி துரத்தவும், எதிரி கையில் சிக்கக்கூடாதென்று அதிலிருந்தவர்களே கடல்நீரை உள்ளே திறந்துவிட்டு மூழ்கடித்தார்கள்.

இன்னொரு கரிக்கப்பல் எக்ஸ்ஃபோர்ட் பாக்கி இருக்கிறது. அதையும் பிரிட்டிஷார் பிறகு பிடித்தார்கள். அடுத்த வாரம் எழுதுகிறேன்.