மாமியாரிடம் யாரும் கேட்கவில்லை

"அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ கர்ப்பத்தில் பிரஷர் இருந்ததா?" முதல் பரிசோதனையில் டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற கணவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அவர் எட்டாம் மாதத்தில் பிறந்தவர். பஞ்சில் பொதிந்து வளர்த்த கதையை உறவுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஏன் அவ்வளவு சீக்கிரம் பிறந்தார் என்று நானும் கேட்டதில்லை.

33-ஆவது வாரத்தில் ஒரு நாள் சோப்பு போட்டும் மோதிரம் கழலவில்லை. "மாசமாக இருந்தால் உடம்பு ஊதத்தான் செய்யும்" என்றார்கள். நர்ஸ் பார்த்தபோது பிரஷர் 150/100. சற்று உட்காரவைத்துப் பார்த்தார், அதேதான். சிறுநீரில் 'உப்பு' இறங்குகிறது, இது ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால பிரஷர் நோய் என்று அன்றே சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் மாமியார் உப்பே போடாத ரசம் கொண்டுவந்தார். பாவம், ஊரில் உப்பு என்று சொல்வது புரதத்தை என்று அவருக்கு யார் சொல்வது?

பிரஷரைக் குறைக்க லேபெடலால் மாத்திரை, குழந்தையின் நுரையீரலுக்காக 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா என்று ஓயாமல் கேட்டார்கள். மூன்றாம் நாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் மெல்லச் சொன்னார்: "எனக்கும் கண் இருட்டிக்கொண்டுதான் வந்தது. அப்புறம் ஜன்னி, வலிப்பு. பிள்ளை பிறந்ததே தெரியாது."

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நஞ்சுக்கொடி குழந்தையின் மரபணுக்களால் உருவாவது, அதில் பாதி தகப்பன் வழி என்று விளக்கினார். 13-ஆவது குரோமோசோமில் எஃப்எல்டி1 என்ற மரபணுவின் அருகே குழந்தையிடம் உள்ள சில மாற்றங்களுக்கு இந்த நோயோடு தொடர்பு இருப்பதை 2017-இல் கண்டறிந்தார்களாம். அந்த மரபணு வழியாக நஞ்சுக்கொடி அளவுக்கு மீறிச் சுரக்கும் புரதம் தாயின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது. "முன்பே தெரிந்திருந்தால் அதற்காக மட்டும் தடுப்பு மாத்திரை தந்திருப்பேனா, தெரியாது. பிரஷரை அடிக்கடி பார்க்கச் சொல்லியிருப்பேன்" என்றார்.

பிரஷர் அடங்காமல் 35-ஆவது வாரத்தில் பிரசவம் ஆனது. வலிப்பு வராதிருக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றியபோது உடம்பு முழுக்கத் தணல் பரவியது போலிருந்தது. பையன் 1.9 கிலோ.

இரண்டாவது கர்ப்பத்தில், தடுப்பு மாத்திரை தர எனக்கே வந்த கதை போதுமானதாக இருந்தது. 12-ஆவது வாரத்திலிருந்து இரவில் ஆஸ்பிரின் 150 மில்லிகிராம், வீட்டிலேயே பிரஷர் கருவி. மகள் 38-ஆவது வாரத்தில் பிறந்தாள்.

பையனின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில், அவன் ஏன் 35-ஆவது வாரத்தில் பிறந்தான் என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.